குழலுக்கு அடியில் பாருங்கள்: பழைய துப்பாக்கிகள், கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பிரான்சில் என் மாமனார் வீட்டுப் பரணில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி கிடைத்தது. மற்றவை மாதிரி நடுவில் மடங்கவில்லை. மேலே ஒரு பிடி, இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் எதுவும் தெரியவில்லை. எந்த ஊர்?

பதில்: தம்பி, முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பிடியைத் தூக்கிப் பின்னால் இழுங்கள். குழல் அசையாமல் நிற்க, பின்பக்க இரும்புக் கட்டி தண்டவாளத்தில் போவது போலச் சறுக்கி வந்தால், அது பெரும்பாலும் பிரான்சின் செந்-எத்தியென் நகரத்துச் சரக்கு. ரெஜி டார்ன் அங்கே 1890-களில் கொண்டுவந்த அமைப்பு இது. சுட்ட தோட்டாவையும் அந்தக் கட்டியே பிடித்து இழுத்துவிடும். குழல் மடங்காததால், பழைய துப்பாக்கிகளில் நாம் அஞ்சும் கீல் தளர்ச்சி இதில் கிடையாது. கையில் பிடித்தால் அவ்வளவு ஒட்டுறவாக இருக்கும், எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு.

ஆனால் டார்ன் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அதே ஊரில் ஷார்லன் என்ற பெயரிலும் சறுக்கும் வகை செய்தார்கள். குழலைக் கழற்றி அடிப்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேலே கிரீடம், குறுக்கே இரண்டு ஓலைகள், கூடவே ஊர்ப் பெயர் இருந்தால் செந்-எத்தியென் சோதனைச் சாலை முத்திரை, அதாவது குழலைச் சுட்டுச் சோதித்துக் குறி இடும் இடத்தின் அடையாளம். பி.டி. (PT) என்ற எழுத்துகள் இருந்தால் புகையில்லா வெடிமருந்தில் சோதித்தது. படம் எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: என்னுடையதில் பெரிய ஆங்கிலேயப் பெயர் பொறித்திருக்கிறது. அடியில் மட்டும் முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று எழுத்து. இங்கிலாந்துதானே?

பதில்: இல்லை ஐயா, பெல்ஜியம். லியேஜ் நகரத்து முத்திரை அது. புகழ்பெற்ற ஆங்கிலேயப் பெயரை ஒத்த பெயர்களைப் பொறித்து அங்கிருந்து ஏராளமாக ஏற்றுமதி செய்தார்கள். மேலே இருக்கும் பெயரை யாரும் வெட்டலாம், சோதனைச் சாலை குத்திய முத்திரைதான் பேசும். முட்டை வடிவத்தின் மேல் கிரீடம் இருக்கிறதா? இருந்தால் 1893-க்குப் பிற்பட்டது, இல்லையென்றால் அதற்கு முந்தியது.

கேள்வி: கல்கத்தா ரோடா கம்பெனி பெயர் இருக்கிறது. இந்தியாவில் செய்ததா?

பதில்: ரோடா விற்பனையாளர். 1914-இல் புரட்சியாளர்கள் மவுசர் துப்பாக்கிகளைக் கடத்தியது இவர்களுக்கு வந்த சரக்கிலிருந்துதான். உங்களுடையதில் குறுக்கிட்ட இரண்டு செங்கோலும் கிரீடமும் தெரிந்தால் பர்மிங்காம், 1813-க்கும் 1904-க்கும் இடைப்பட்டது.

கேள்வி: குழல் முழுக்கப் பாம்புத் தோல் மாதிரி வரி. தேய்த்தால் போகுமா? சுடலாமா?

பதில்: ஐயோ, தேய்க்காதீர்கள்! இரும்பும் எஃகும் முறுக்கிய பட்டைகளைத் தண்டில் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியதால் வந்த கோலம் அது. அமிலம் போட்டு வெளிக்கொண்டு வந்ததை உப்புத்தாள் ஒரே நிமிடத்தில் அழித்துவிடும். சுடவும் வேண்டாம். ஒட்டுகளுக்குள் துரு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கருமருந்து என்ற பழைய வெடிமருந்துக் காலத்துக் குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டுக் கை போனவர்கள் உண்டு.

கேள்வி: தாத்தா காலத்துத் துப்பாக்கிதானே, லைசென்ஸ் எதற்கு?

பதில்: பழையது என்பது மட்டும் போதாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்குத்தான் விலக்கு தருகிறது. உங்களுடையது எந்த வகை என்று முதலில் காவல் நிலையத்தில் கேளுங்கள், அடையாளம் காண்பது அப்புறம்.