எச்டிக்குப் பணம் கட்டியும் படம் உடைகிறதா? ஏற்காடு வாசகருக்குப் பதில்

கேள்வி: ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் எங்கள் வீடு. பிள்ளைகள் பெரிய டிவி வாங்கித் தந்ததால் டிடிஎச் கனெக்ஷனை எச்டிக்கு மாற்றினோம். மழையே இல்லாத நாளிலும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விட்டு விட்டு வருகிறது. கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, "மலையில அப்படித்தாங்க இருக்கும்" என்று சொல்லிப் போய்விட்டார். கேஸ் போட முடியுமா?

பதில்: போடலாம். அந்த ஆள் சொன்னதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. வீடு மலையில் இருப்பது தெரிந்துதானே டிஷ் மாட்டினார்கள், எச்டிக்கென்று கூடுதல் பணமும் வாங்கினார்கள்? அங்கே சரியாக எடுக்காது என்றால் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். விற்றுவிட்டு அப்புறம் மலை மேல் பழி போடுவதை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று தாராளமாக வாதாடலாம்.

ஆனால் எதைக் குறை என்று சொல்கிறீர்கள் என்பதில் கறாராக இருங்கள். கனமழையில் கொஞ்ச நேரம் சிக்னல் போவது டிடிஎச்சின் இயல்பு, அதை வைத்து வழக்கு நிற்காது. எஸ்டி என்கிற சாதாரணத் தர சேனல் பெரிய திரையில் மங்கலாகத் தெரிவதும் அப்படித்தான், 576 வரிப் படத்தை 1080 வரிக்கு இழுத்துக் காட்டினால் வேறு எப்படி இருக்கும்? செட்டாப் பெட்டியிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ வயர் போகிறதா, பழைய மஞ்சள் வயர் போகிறதா என்றும் பாருங்கள். மஞ்சள் வயரில் எச்டி வராது. அதை மாட்டியது அவர்கள் ஆள் என்றால் கழற்றாமல் அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள்.

கட்டம் கட்டமாக உடைவது வேறு சமாச்சாரம், பெட்டிக்குச் சிக்னலே ஒழுங்காக வரவில்லை என்று அர்த்தம். டிஷ் காற்றில் நகர்ந்திருக்கலாம், கேபிள் ஜாயின்ட்டில் ஈரம் இறங்கியிருக்கலாம், சில்வர் ஓக் கிளை வளர்ந்து மறைத்திருக்கலாம். கிளை உங்கள் தோட்டத்தது என்றால் முதலில் அதை வெட்டிவிடுங்கள், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார்.

வழக்கில் ஜெயிக்க வைப்பது ஆதாரம்தான். பெட்டியின் மெனுவில் சிக்னல் ஸ்ட்ரெங்த், சிக்னல் குவாலிட்டி என்று இரண்டு அளவு காட்டும், வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் அந்தத் திரையைப் போட்டோ எடுங்கள். படம் உடையும்போது வீடியோ எடுத்து, நிறுத்தாமல் அப்படியே போனை ஜன்னல் பக்கம் திருப்பி வெளியே வெயில் அடிப்பதையும் பதிவு செய்யுங்கள். "அன்னைக்கு மழை பெய்திருக்கும்" என்று யாரும் சொல்ல முடியாது.

கஸ்டமர் கேரில் புகார் செய்து எண் வாங்குங்கள், வெறுமனே பேசிவிட்டு வைத்தால் கணக்கில் வராது. அங்கே முடியவில்லையா, கம்பெனியில் மேல்புகாரைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யலாம், பல புகார்கள் அந்த அளவிலேயே முடிந்துவிடும். ட்ராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிடிஎச்சுக்கு விதிகள் போடும் அமைப்பு, தனி ஆள் புகாரை விசாரித்துத் தீர்ப்பு சொல்லாது, அங்கே எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

எதற்கும் அசையவில்லை என்றால் ஒரு நோட்டீஸ் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 34-ஆவது பிரிவு இடம் தருகிறது. கட்டிய தொகை 5 லட்ச ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் நடுவர் மன்றத்தில்தான் தீர்க்க வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம், அது நுகர்வோர் ஆணையத்தைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றமே 2018-ல் சொல்லிவிட்டது.

எச்டிக்குக் கட்டிய கூடுதல் தொகை, டிஷ் மாட்டியதற்கான கூலி, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு என்று கேளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் வழக்கின் மரியாதை குறைந்துவிடும். கனெக்ஷன் வீட்டு உபயோகத்துக்கு என்பது உங்களுக்குப் பலம். ஹோம்ஸ்டே அறைக்கு எடுத்திருந்தால் வணிக நோக்கம் என்று எதிர்ப்பு கிளம்பும்.

பிரச்சினை தொடங்கியதிலிருந்து 2 வருஷத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். அதற்குள் வேறு கம்பெனிக்கு மாறுவதானால் மாறுங்கள், ஆனால் பழைய பெட்டியைக் கொடுக்கும் முன் சிக்னல் திரையையும், பெட்டியின் சீரியல் எண்ணையும், ரீசார்ஜ் விவரங்களையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு, கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிவிடுங்கள்.