தயாரிக்கப்படாமல் போன பொம்மலாட்டப் பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சிகளில் எதை முழுமையாகப் பார்க்க விரும்புகிறீர்கள், ஏன்?

மப்பெட் என்ற பொம்மைகளை உருவாக்கிய அமெரிக்கப் பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனும் அவருடைய நெடுங்கால எழுத்தாளர் ஜெர்ரி ஜூலும் 1968-இல் திட்டமிட்ட 'தி மியூசிகல் மான்ஸ்டர்ஸ் ஆஃப் டர்க்கி ஹாலோ' என்பதே என் பதில். அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி நவிலல் நாளுக்கென்று எண்ணப்பட்ட நிகழ்ச்சி அது. அப்பொம்மைகள் இடம்பெற்ற 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சித் தொடர் 1969 நவம்பரில்தான் தொடங்கியது என்பதால், மப்பெட் பொம்மைகளை உலகமே அறிந்துகொள்வதற்கு முந்தைய காலத்துக் கனவு என்று இதைக் கொள்ளலாம்.

கதை எளிமையானது. சிற்றூர் ஒன்றின் அருகே முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று விழுந்திருக்கிறது. டிம்மி ஹென்டர்சன் என்ற சிறுவன் கிட்டார் பழகும்போது எங்கிருந்தோ ஓர் இசை அவனுக்கு மறுமொழி தருகிறது. அதை எழுப்புபவை அடர்ந்த மயிர் கொண்ட ஏழு விந்தை உயிரினங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலி. ஊரார் அவற்றை விரும்புகிறார்கள். ஆனால் சம்ப் என்ற கடுகடுப்பான மனிதரின் சூழ்ச்சியால் அவை சிறைக்குப் போகின்றன. பேச்சே இல்லாத ஏழு பொம்மைகளின் இயல்பை ஒலியாலும் அசைவாலும் மட்டுமே உணர்த்துவது பொம்மலாட்டக் கலைஞர்களுக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பாக இருந்திருக்கும் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஏக்கமே மிஞ்சுகிறது.

இத்திட்டம் காகிதத்தோடு நின்றுவிடவில்லை என்பதுதான் இதைப் பிற கைவிடப்பட்ட திட்டங்களிலிருந்து வேறுபடுத்துகிறது. பொம்மைகள் செய்யப்பட்டு, மரங்களுக்கு நடுவே வைத்து நிழற்படமும் எடுக்கப்பட்டன. அந்த நிழற்படங்களை நான் மிக முக்கியமானவையாகக் கருதுகிறேன். மப்பெட் பொம்மையை இயக்குபவர் கேமராவில் பதிவாகும் பரப்புக்குக் கீழே மறைந்திருந்து, தலைக்கு மேல் கையை உயர்த்தி, தம் அசைவைத் தொலைக்காட்சித் திரையில் பார்த்தபடியே இயக்குவார். அரங்குக்குள் மேடையை உயர்த்திக் கட்டிவிட்டால் இது எளிது, ஆனால் காட்டுத் தரையில் மனிதரை எங்கே ஒளிப்பது, திரையை எங்கே வைப்பது? 1979-இல் வெளியான 'தி மப்பெட் மூவி'யில், சதுப்பு நிலத்து மரக்கட்டைமேல் கெர்மிட் தவளை அமர்ந்து பாடும் காட்சிக்காக, ஹென்சன் நீருக்கடியில் இறக்கப்பட்ட உலோகக் கலத்துக்குள் அடைந்துகொண்டு இயக்கினார். பொம்மைகளை இயற்கையான வெளியில் உயிருள்ளவையாகக் காட்டும் அந்த ஆசை அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே அவருக்குள் இருந்தது என்பதற்கு அந்த நிழற்படங்களே சான்று என்பது என் கருத்து.

இது ஏன் படமாகவில்லை? தரக்குறைவு காரணமாக இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு விளம்பரதாரர் தேவை. 1964-இல் ராங்கின்-பாஸ் நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் பொம்மைப் படமான 'ருடால்ஃப்' ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆதரவில்தான் ஒளிபரப்பானது. கிறிஸ்துமஸ் கதையைப் பல நாடுகளுக்கு விற்கலாம். நவம்பரில் வரும் நன்றி நவிலல் நாளோ பெரும்பாலும் அமெரிக்காவோடு நின்றுவிடும் பண்டிகை. அந்தப் பருவம் தவறினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும், அதற்குள் படைப்பாளர்களின் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும். ஹென்சனுக்கு அந்த வேலை 'செசமி ஸ்ட்ரீட்' ஆக அமைந்தது.

ஜூல் 1963-இல் எழுதிய 'தி விட்ச் ஹூ ஸ்டோல் சாண்டா கிளாஸ்' என்ற கதையும் அப்போது படமாகவில்லை. ஆனால் அது கிறிஸ்துமஸ் கதை என்பதால் பிழைத்தது: மாற்றியெழுதப்பட்டு, 'தி கிரேட் சாண்டா கிளாஸ் ஸ்விட்ச்' என்ற பெயரில், ஆர்ட் கார்னி நடிக்க, 1970 டிசம்பர் 20 அன்று எட் சல்லிவன் என்பவரின் பல்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குரிய நேரத்தில் ஒளிபரப்பானது.

டர்க்கி ஹாலோவுக்கு அந்த வாய்ப்பு ஹென்சனின் வாழ்நாளில் கிட்டவில்லை. அவர் 1990-இல் மறைந்தார். 2014-இல் ரோஜர் லாங்ரிட்ஜ் அதைச் சித்திரக்கதை நூலாக வரைந்தார். ஒலியை நம்பிய கதையைக் காகிதத்தில் சொல்வது கடினம். ஆயினும் அவருடைய கோடுகளில் அந்த உயிரினங்களின் குறும்பு குறையவில்லை. 2015 நவம்பரில் லைஃப்டைம் தொலைக்காட்சி இதே கதையைத் தழுவி, மேரி ஸ்டீன்பர்கன் நடித்த ஒரு படத்தை ஒளிபரப்பியது. ஏழு உயிரினங்கள் அதில் நான்காகக் குறைந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஏழு ஒலிகள் சேர்ந்து ஓர் இசையாவதுதான் இக்கதையின் உயிர். ஆகவே முதலில் நூலைப் படித்துவிட்டு, பிறகு படத்தைப் பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன்.