நூறு சதவீதப் பலகையும் ஒன்பதாம் வகுப்பும்

வணக்கம்.

கடற்கரை ஊர் ஒன்றில், கத்தோலிக்கச் சபை நடத்தும் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 42 பேர். 11 பேருக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தான் வாசிக்க வருகிறது. ‘அனைவரையும் அரவணைப்போம், விடாமுயற்சியில் வளர்வோம்’ என்பது இந்த ஆண்டு எங்கள் பள்ளியின் மையக்கருத்து. வாசலில் பேனர் கட்டியாயிற்று. அதே வாரம் ஆசிரியர் கூட்டத்தில், ‘தேறாதவர்களின் பெற்றோரை அழைத்து, பத்தாம் வகுப்புக்கு முன்பே டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்’ என்றார்கள். ஒரு வகுப்பாசிரியையால் இதில் என்ன செய்ய முடியும்?

பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பேனரும் டி.சி. பேச்சும் ஒரே வாரத்தில் வந்தது மனதை வருத்துகிறது. பிள்ளையிடம் விடாமுயற்சியைக் கேட்கிற பள்ளி, முதலில் அந்தப் பிள்ளையை விடாமல் பிடித்திருக்க வேண்டும். நான் சொல்வதெல்லாம் இதை ஒட்டித்தான்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அதனால் அதுவரை யாரும் கவனிக்காத வாசிப்புக் குறையெல்லாம் ஒன்பதில் வந்து குவிகிறது. டி.சி. கொடுத்ததும், மாணவர் விவரங்களை வைத்திருக்கும் அரசின் எமிஸ் இணையதளத்தில் அந்தப் பெயர் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். வேறொரு பள்ளி எடுத்துக்கொள்ளும்வரை அங்கேயே கிடக்கும். வாசிக்கத் தெரியாத ஒன்பதாம் வகுப்புப் பையனை யார் எடுப்பார்கள்? பக்கத்துப் பள்ளி வாசலிலும் அதே ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ப் பலகைதானே இருக்கிறது! அடுத்த கூட்டத்தில் ஒன்று கேளுங்கள்: ‘டி.சி. வாங்கிப் போகிறவன் எங்கே சேர்ந்தான் என்று யார் பார்ப்பது?’ பதிலைக் கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் வரும் என்றாலே பேச்சின் வேகம் குறையும்.

தாளாளரிடம் பேச உங்களுக்கு நல்ல துணை இருக்கிறது. 1965 அக்டோபர் 28 அன்று, கத்தோலிக்கத் திருச்சபையின் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கத்தோலிக்கப் பள்ளி யாரை முதன்மையாகக் கவனிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது: பொருள் வசதி இல்லாதவர்கள், குடும்பத்தின் ஆதரவும் அன்பும் கிடைக்காதவர்கள், விசுவாசக் கொடை பெறாதவர்கள், அதாவது கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வெளியே இருப்பவர்கள். உங்கள் 11 பேரை இந்த வரியோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி வகுப்பறை. அந்த 11 பேரின் நோட்டுகளை எடுத்துப் பாருங்கள். சிலருடையது அழகாக இருக்கும். பிழையே இருக்காது, ஓரத்தில் சிவப்பு மையில் கையெழுத்தும் இருக்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதியது அது. அதே பக்கத்தில் ஒரு வரியைத் தொட்டு வாசிக்கச் சொன்னால் பையன் உங்கள் முகத்தைப் பார்ப்பான். இப்படித்தான் ஒருவன் ஒன்பது ஆண்டு ‘நோட்டு முடித்த மாணவனாக’ வந்துவிட முடிகிறது.

ஆகவே ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஐம்பது சொல் அளவுள்ள பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் பார்க்கக் கூடாது. ஐந்து சொல்லுக்குமேல் தடுக்கினால் ஒரு வகுப்பு கீழே இறங்குங்கள். பிறகு ஐந்து சொற்களைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ‘பள்ளி’ என்பதைப் ‘பளி’ என்று எழுதுகிறவனுக்குப் புள்ளி வைத்த எழுத்து காதில் விழவில்லை. கெ-கே, கொ-கோ குழம்புகிறவனுக்குக் கொம்புகள் பிடிபடவில்லை. இரண்டுக்கும் பயிற்சி வேறு. கடைசி பெஞ்சிலிருந்து பலகையை வாசிக்க முடியாமல் முதல் பெஞ்சிலிருந்து வாசிக்க முடிந்தால், கண் பரிசோதனைதான் முதல் வேலை.

பிறகு நாள்தோறும் 20 நிமிடம், நான்கு நான்கு பேராக. வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் நிற்காது. அதற்கு விளையாட்டுப் பீரியடை மட்டும் எடுக்காதீர்கள். இவர்களில் பலர் பள்ளிக்கு வருவதே அதற்காகத்தான். ‘மெல்லக் கற்போர் எழுந்து வாங்க’ என்று வகுப்பில் அழைப்பதும் வேண்டாம். அந்த ஒரு வரி போதும், மறுநாள் இரண்டு பேர் வரமாட்டார்கள்.

இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தும் அசையாத பிள்ளை இருந்தால் கற்றல் குறைபாடு இருக்கலாம், மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்ததை நிர்வாகம் சொல்லக்கூடும். ஆனால் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளையும் மற்றவர்களோடு சேர்த்துக் கற்பிக்க அரசு முயல வேண்டும் என்கிறது. அதில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழிப்பாட விலக்கு எல்லாம் அந்தச் சட்டத்திலேயே உண்டு. சான்றிதழ் வேலை பல மாதம் இழுக்கும். பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் தயாராகும்போது தொடங்கினால் காலம் கடந்துவிடும். ஒன்பதிலேயே தொடங்குங்கள்.

எழுதுபவர் கிடைத்துவிட்டால் போதும் என்று விட்டுவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. வாயால் விடை சொல்லிப் பழகாத பிள்ளை, தேர்வறையில் அறிமுகமில்லாதவர் முன் உட்கார்ந்து வாயடைத்துப்போகும். எந்தக் கேள்வி முதலில், எங்கே புதிய பத்தி, எந்த வரியை அடிக்க வேண்டும் என்று பிள்ளைதான் சொல்ல வேண்டும். காலாண்டுத் தேர்விலிருந்தே அப்படி எழுதிப் பழக்குங்கள்.

வருகைக்கு வருகிறேன். கல்விப் பணி செய்யும் கத்தோலிக்கத் துறவு சபையான லசால் சபையின் பள்ளிகளுக்காக 1720-ல் அச்சான நடைமுறைக் கையேட்டில், வராத பிள்ளைகளைப் பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. பிள்ளை, பெற்றோர் ஆகியோரோடு ஆசிரியரின் குறையையும் அது காரணமாகச் சேர்க்கிறது. முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் நாம் ‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்கிறோம். ஒரு நாள் கூலி போகும் என்று அப்பா வரமாட்டார். அப்பா வராமல் பையன் வரமாட்டான். இரண்டு நாள் விடுப்பு இரண்டு வாரம் ஆவது இப்படித்தான். இரண்டாம் நாளே போன் செய்யுங்கள். மூன்றாம் நாள் யாராவது வீட்டுக்குப் போகட்டும்.

உங்கள் ஊர் கிழக்குக் கரை என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரத்தில் அந்த வீடுகளில் ஒன்றரை மாதமாகக் கடல் வருமானம் இருக்காது. நோட்டுக் காசு, டை-பெல்ட் காசு எல்லாவற்றையும் அப்போதே கேட்டால் பிள்ளை வராமல் நிற்கும். ஜூலைக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். குமரியின் மேற்குக் கரை என்றால் தடை ஜூலை 31 வரை. அங்கே ஆகஸ்டு கடைசிதான் சரி.

உதவித்தொகைப் படிவத்துக்காக ‘கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் யார் யார், கை தூக்குங்க’ என்று வகுப்பில் கேட்பது இன்றும் நடக்கிறது. தயவுசெய்து கேட்காதீர்கள். பட்டியல் அலுவலகத்திலேயே இருக்கிறது. பெற்றோரிடம் தனியே பேசினால் போதும். மறைக்கல்விப் பீரியடில் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். அந்த வகுப்புக்கு ஆள் இல்லாமல் அவர்களை மரத்தடியில் உட்காரவைப்பதும் ஒருவகை விலக்கல்தான்.

பத்தாம் வகுப்பில் உங்கள் 11 பேரில் இரண்டு மூன்று பேர் தவறக்கூடும். கணக்கில் வரைபடத்துக்கும் வடிவியலுக்கும் எட்டு எட்டாக 16 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 போதும். ஆண்டு முழுக்க வாரத்துக்கு இரண்டு படம் போட்டவனுக்கு மீதி 19 எட்டாத தூரம் இல்லை. அப்படியும் தவறினால், மே மாதம் முடிவு வந்த அன்று மாலையே அந்த வீடுகளுக்குப் போன் போக வேண்டும். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்தான் தருவார்கள். அந்த நாள்களில்தான் பையன் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருப்பான். கட்டணத்தை யார் கட்டுவது, எந்த அறையில் வகுப்பு, சாவி யாரிடம் என்பதை ஏப்ரலிலேயே தாளாளரிடம் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

அன்புடன்