பி.எம்.பி. தேர்வுக்குக் கட்டுமான அனுபவம் போதுமா?

கேள்வி: பொறியியல் பட்டதாரியான நான், எண்ணூரில் நான்கு ஆண்டுகளாகக் கிடங்குக் கட்டுமானப் பணிகளை முன்னின்று நடத்துகிறேன். திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. (Project Management Professional) சான்றிதழ்த் தேர்வை எழுதலாமா? எப்படித் தயாராவது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தாராளமாக எழுதலாம். பட்டதாரிகளுக்கு 36 மாதத் திட்டத் தலைமை அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் தேவை. கிடங்கில் நடக்கும் அன்றாடச் சரக்கேற்றம் போன்ற வழக்கமான வேலை கணக்கில் வராது, தொடக்கமும் முடிவும் உள்ள பணியே வரும் என்பதால், விண்ணப்பத்தில் ‘மேற்பார்வையிட்டேன்’ என்று மொட்டையாக எழுதாமல், அடித்தள வேலை மழையால் தள்ளிப்போனபோது கால அட்டவணையை எவ்வாறு மாற்றினீர்கள், ஒப்பந்ததாரரை எதற்கு இணங்கவைத்தீர்கள் என்று விவரியுங்கள். சூத்திரங்களை மனப்பாடம் செய்வது (நம் ஊர்ப் பழக்கம்!) இங்கே அவ்வளவாகக் கைகொடுக்காது, பல கேள்விகள் ஒரு சூழலைச் சொல்லி, மேலாளர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றே கேட்கும். ஆகவே, மாதிரித் தேர்வில் தவறிய ஒவ்வொரு விடைக்கும் காரணத்தைக் குறித்துவையுங்கள்.