சாலை உயர்ந்துவிட்டது, நிலைவாசலை மாற்ற வேண்டுமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீடு 1987-இல் கட்டியது. அன்று மூன்று படி ஏறி வீட்டுக்குள் வருவோம்; இன்று ஒரு படிதான் மிச்சம். மழையில் தெருத் தண்ணீர் வாசற்படியைத் தொடுகிறது. தேக்கு நிலையின் அடியைக் கரையான் அரித்துவிட்டது. நிலையையும் கதவையும் பெயர்த்துவிட்டு, வாசற்படியை ஓர் அடி உயர்த்தி, பர்மா தேக்கில் புதிதாகச் செய்து, வெளியே கிரானைட் படி போட்டால் முகப்பே மாறிவிடும் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வாசலுக்கு வந்திருப்பது தண்ணீர்ச் சிக்கல். மேஸ்திரி சொல்வது மர வியாபாரம். வீட்டின் தளத்தை உயர்த்தாமல் வாசற்படியை மட்டும் ஓர் அடி உயர்த்தினால், வயதானவர்கள் தினமும் தாண்ட வேண்டிய ஒரு வரப்புதான் கிடைக்கும். அதோடு, ஏழடி நிலை ஆறடியாகக் குறுகும். இல்லையேல் நிலைக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் உத்தரத்தை உடைக்க வேண்டிவரும்.

தண்ணீரை வாசற்படியில் அல்ல, வெளிக்கேட்டில் நிறுத்துங்கள். கேட்டின் குறுக்கே, உங்கள் எல்லைக்குள்ளேயே, சாலையைவிட அரை அடி உயரத்தில் இருபுறமும் சரிவாக ஒரு கான்கிரீட் மேடு போடுங்கள். உள்ளே பெய்யும் மழைக்கு மேட்டின் உட்பக்கம் கம்பிச் சல்லடை போட்ட சிறு வாய்க்கால் வெட்டி, 2003-இல் எல்லாரும் கட்டாயமாக அமைத்த மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிடுங்கள். குழி தூர்ந்து போயிருந்தால் முதலில் அதைத் தூர் வாருங்கள். படியை மட்டும் தெருச் சாக்கடைக்கு மேல் நீட்டாதீர்கள். அது ஆக்கிரமிப்பு, கால்வாய் வேலை வரும் நாளில் இடித்துப் போடுவார்கள்.

பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்பே புதிய தளம் போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். ஆனாலும் பல தெருக்களில் பழையதன் மேலேயே புதியது ஏறுகிறது, வீடுகள் பள்ளத்துக்குள் போகின்றன. ஒப்பந்தக்காரர் போட வேண்டிய செலவை வீட்டுக்காரர் மேடு கட்டி ஏற்பது எந்த வகையில் நியாயம் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் தெருவில் அடுத்த முறை தார் போட வரும்போது, வேலை தொடங்கும் முன்பே தெருவாசிகள் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவைக் கொடுங்கள். போட்டு முடித்த சாலையை யாரும் சுரண்ட வரமாட்டார்கள்.

இனி மரத்துக்கு வருவோம். அந்தக் காலத்து முற்றிய தேக்கின் வைரப்பகுதியை இன்று அதே விலைக்கு வாங்குவது கடினம். பர்மா தேக்கு என்று விற்கப்படுவதில் ஆப்பிரிக்கத் தோட்டத் தேக்கும் உண்டு. வைரம் பாயாத வெளிப்புற வெள்ளைப்பகுதியை வண்ணம் பூசி மறைத்துவிடுவார்கள், கரையான் முதலில் தேடிப்போவதும் அதைத்தான். மரக்கடைக்கு அழைத்துப்போகும் மேஸ்திரிக்குக் கன அடிக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. நிலை வைக்கும் முகூர்த்தம் நெருங்குகிறது என்று அவசரப்படுத்துவதும் பேரம் பேச விடாமல் செய்வதற்கே. வாங்கியே தீர வேண்டுமென்றால், வண்ணம் பூசாத மரத்தின் வெட்டுமுகத்தைப் பார்த்து, ரசீதில் மரத்தின் வகையை எழுதி வாங்குங்கள்.

ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். திருப்புளியின் கைப்பிடியால் நிலையைக் கீழிருந்து மேல்வரை தட்டிப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் கெட்டியான ஓசை வந்தால், அரித்த அடியை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு, சாய்வு வெட்டில் புதுத் தேக்குத் துண்டைப் பொருத்தி, மர ஆணி அடித்து ஒட்டுப்போடலாம். பொத்தலான ஓசை மேல்கட்டைவரை போனால்தான் முழு நிலையையும் மாற்ற வேண்டும். நிலையின் ஒரு பக்கக் கால் மட்டும் உள்ளீடற்றுப் போய், மற்றதும் மேல்கட்டையும் உறுதியாக இருந்தால், அந்த ஒரு காலை மட்டும் மாற்றினால் போதும். அதையும் முழுமாற்றக் கணக்கில் சேர்க்க எந்த மேஸ்திரியையும் விடாதீர்கள்.

ஒட்டுப்போடும் முன் கரையானைக் கவனியுங்கள். சுவரோரம் ஓரடி இடைவெளியில் தளத்தைத் துளைத்து, துளைக்கு ஒரு லிட்டர் வீதம் கரையான் மருந்து இறக்க வேண்டும். மரத்தில் மட்டும் பூசினால் சில மாதங்களில் கரையான் திரும்பிவிடும். நிலையின் கால் சிமெண்டில் புதைந்திருக்கக் கூடாது. கருங்கல் துண்டின் மேல் நிற்கட்டும். வாசலில் பளபளக்கும் கிரானைட்டில் கோலமாவு பிடிக்காது, தண்ணீர் தெளித்ததும் வழுக்கும். தீயில் சொரசொரப்பாக்கிய கல்லைக் கேட்டு வாங்கி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள் பதித்துவிடுங்கள்.