டெபிட்டா, கிரெடிட்டா? டேலியில் கணக்கு எழுதுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஸ்டேஷனரி கடை): பேங்கில் பணம் ஏறினால் "கிரெடிட் ஆனது" என்று எஸ்எம்எஸ் வருகிறது. டேலி கணக்கு மென்பொருளில் ரிசீட் போட்டால் பேங்க் லெட்ஜர் (பேரேட்டில் பேங்குக்கான பக்கம்) டெபிட் ஆகிறது. எது சரி சார்?

இரண்டும் சரி. எஸ்எம்எஸ் பேசுவது பேங்க்காரர்களின் புத்தகத்திலிருந்து. நீங்கள் போட்ட பணம் அவர்களுக்குக் கடன், உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை. கடன் கூடினால் கிரெடிட். உங்கள் புத்தகத்தில் அதே பணம் சொத்து. சொத்து கூடினால் டெபிட். பேங்க் ஸ்டேட்மென்ட் என்பது அவர்களின் பேரேட்டில் உங்கள் பெயரில் உள்ள பக்கத்தின் நகல்தான். அதனால் சரிபார்க்கும்போது உங்கள் டெபிட் பக்கத்தை அவர்களின் கிரெடிட் பக்கத்தோடுதான் ஒத்துப்பார்க்க வேண்டும்.

தமிழில் படித்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாடப்புத்தகத்தில் டெபிட் "பற்று", கிரெடிட் "வரவு". ஆனால் வீட்டு வரவு செலவு நோட்டில் வரவு என்றால் கைக்கு வந்த பணம். அந்தப் பணத்தை ரொக்கக் கணக்கில் எழுதும்போது அது பற்றுப் பக்கம் போகிறது! "டெபிட் என்றால் செலவு, கிரெடிட் என்றால் வரவு" என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். இரண்டும் வெறும் இடப்பக்கம், வலப்பக்கம்தான்.

கேள்வி: எந்த லெட்ஜர் எந்தப் பக்கம் என்பதற்கு எளிய வழி இருக்கிறதா? பாடப்புத்தகத்தில் உள்ள டெபிட், கிரெடிட்டின் மூன்று விதிகளை மனப்பாடம் செய்தும் குழம்புகிறது.

லெட்ஜர் எந்த வகை என்று மட்டும் கேளுங்கள். சொத்தும் செலவும் கூடினால் டெபிட். கடன், முதல் (கேபிடல்), வருமானம் கூடினால் கிரெடிட். குறைந்தால் எதிர்ப்பக்கம். அவ்வளவுதான்.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம். 10,000 ரூபாய் சரக்கு, 18 சதவீத ஜிஎஸ்டி, உள்மாநில விற்பனை, கடனுக்கு. பார்ட்டி (சரக்கு வாங்கியவர்) 11,800 டெபிட், ஏனென்றால் வர வேண்டிய பணம் நம் சொத்து. சேல்ஸ் 10,000 கிரெடிட், அது வருமானம். சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 900, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 900, இரண்டும் கிரெடிட். அந்த 1,800 உங்கள் வருமானமல்ல, அரசுக்குக் கட்ட வேண்டிய கடன். இதை சேல்ஸோடு சேர்த்து 11,800 என்று எழுதிவிட்டால் விற்பனையும் லாபமும் பொய்யாகக் கூடி நிற்கும்.

அதே மாதம் 5,000 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தால் பர்ச்சேஸ் 5,000 டெபிட், சிஜிஎஸ்டி 450, எஸ்ஜிஎஸ்டி 450 டெபிட், சப்ளையர் 5,900 கிரெடிட். மாதக் கடைசியில் ஒவ்வொரு வரி லெட்ஜரிலும் 450 கிரெடிட் மீதி நிற்கும். கட்ட வேண்டியது அதுதான். இந்த லெட்ஜர்கள் "டியூட்டீஸ் அண்ட் டாக்ஸஸ்" குரூப்பில் இருக்க வேண்டும். செலவு குரூப்பில் வைத்தால் வரி முழுவதும் லாப நஷ்டக் கணக்குக்குப் போய்விடும்.

கேள்வி (பனியன் யூனிட்): கேஷ் லெட்ஜர் மைனஸில் காட்டுகிறது அண்ணா. எங்கே தேடுவது?

கல்லாவில் இல்லாத பணத்தைச் செலவு செய்ய முடியாது. ஆகவே மைனஸ் வந்தால் ஏதோ ஒரு என்ட்ரி விடுபட்டிருக்கிறது, அல்லது தவறாக இருக்கிறது. கேஷ் லெட்ஜரை நாள்வாரியாகத் திறந்து, முதன்முதலில் மைனஸ் ஆன தேதியைப் பிடியுங்கள். அதற்குப் பிறகு வரும் மைனஸ்கள் பெரும்பாலும் அதன் தொடர்ச்சிதான்.

வழக்கமான காரணம், பேங்கிலிருந்து எடுத்த பணத்தை எஃப்4 கான்ட்ராவில் (பேங்குக்கும் கல்லாவுக்கும் இடையே பணம் மாறுவதற்கான என்ட்ரி) போடாமல் எஃப்5 பேமென்டில் ஏதாவது செலவு லெட்ஜரில் போட்டிருப்பது. 20,000 எடுத்தால் கேஷ் டெபிட், பேங்க் கிரெடிட். செலவு எதுவும் நடக்கவில்லை, பணம் இடம் மாறியிருக்கிறது. அடுத்த காரணம், முதலாளி சொந்தப் பையிலிருந்து கூலி கொடுத்துவிட்டு, தான் போட்ட பணத்தைச் சொல்லாமல் விடுவது. அதைக் கேஷ் டெபிட், கேபிடல் கிரெடிட் என்று ரிசீட்டில் எழுத வேண்டும். தேதி மாற்றி அடித்த என்ட்ரியும் இதே வேலையைச் செய்யும்.

டேலியின் புதிய பதிப்பான டேலிபிரைமில் சிங்கிள் என்ட்ரி முறையில் டெபிட், கிரெடிட் கண்ணில் படாது. பேமென்டில் மேலே "அக்கவுன்ட்" என்று தேர்ந்தெடுப்பது கிரெடிட் ஆகும், ரிசீட்டிலோ அதே இடம் டெபிட். புதிதாகக் கற்பவர்கள் கன்ட்ரோல்+எச் அழுத்தி டபுள் என்ட்ரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் நேரம் கூடுதலாகும், ஆனால் கை பழகுவதற்கு முன் கண் பழகும்.

கேள்வி: ஆர்டருக்கு அட்வான்ஸ் 25,000 வாங்கினோம். சேல்ஸில் போடலாமா?

கூடாது. சரக்கு கொடுக்கும்வரை அது நீங்கள் பட்ட கடன். பேங்க் டெபிட், பார்ட்டி கிரெடிட், பில்வாரிக் குறிப்பில் "அட்வான்ஸ்". பில் போடும்போது இந்த அட்வான்ஸையே தேர்ந்தெடுத்துக் கழித்தால் நிலுவைப் பட்டியல் சுத்தமாக இருக்கும். எந்தப் பில்லோடும் சேர்க்காமல் "ஆன் அக்கவுன்ட்" என்று விட்டுவிட்டால் ஒரே பார்ட்டிக்கு ஒரு பக்கம் பாக்கியும் மறுபக்கம் அட்வான்ஸும் நின்றுகொண்டே இருக்கும். சரக்குக்கான அட்வான்ஸுக்கு 2017 நவம்பரிலிருந்து ஜிஎஸ்டி கட்டத் தேவையில்லை. சேவைக்கான அட்வான்ஸுக்கு உண்டு.

கேள்வி: மெஷின் லோன் தவணை 12,400. முழுவதையும் செலவில் போடுகிறேன். சரியா?

தவறு. அசல் செலவல்ல, கடன் குறைவது. உதாரணமாக அந்த மாத அசல் 9,150, வட்டி 3,250 என்றால் லோன் லெட்ஜர் 9,150 டெபிட், வட்டிச் செலவு 3,250 டெபிட், பேங்க் 12,400 கிரெடிட். பிரிவு மாதாமாதம் மாறும், லோன் ஸ்டேட்மென்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். வருடக் கடைசியில் லோன் லெட்ஜரின் மீதி, பேங்க் சொல்லும் அசல் பாக்கியோடு ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: கடைப் பணத்தில் வீட்டுக்கு மளிகை வாங்கினால்?

கேபிடல் குரூப்பின் கீழ் "டிராயிங்ஸ்" (முதலாளி சொந்தத் தேவைக்கு எடுப்பது) என்று ஒரு லெட்ஜர் திறந்து அதை டெபிட் செய்யுங்கள். கடைச் செலவில் கலக்க வேண்டாம்.

கேள்வி: சரக்கு திரும்பி வந்தால் டெபிட் நோட்டா, கிரெடிட் நோட்டா?

உங்கள் புத்தகத்தில் எதிராளியின் கணக்கை என்ன செய்கிறீர்களோ, அதுதான் நோட்டின் பெயர். வாங்கியவர் திருப்பி அனுப்பினால் அவர் தர வேண்டியது குறைகிறது, அவர் கணக்கு கிரெடிட். ஆகவே கிரெடிட் நோட், டேலிபிரைமில் ஆல்ட்+எஃப்6. சேல்ஸும் இரண்டு வரி லெட்ஜர்களும் அதே அளவுக்கு டெபிட் ஆகும். நீங்கள் சப்ளையருக்குத் திருப்பினால் டெபிட் நோட், ஆல்ட்+எஃப்5.

கேள்வி: ட்ரையல் பேலன்ஸ் (எல்லா லெட்ஜர் மீதிகளின் டெபிட், கிரெடிட் பட்டியல்) ஒத்துவிட்டது. கணக்கு சரி என்று எடுத்துக்கொள்ளலாமா ஐயா?

இருபக்கமும் சமமாகாத வவுச்சரை டேலி ஏற்காது. அதனால் ட்ரையல் பேலன்ஸ் ஒத்துப்போவது அங்கே பெரிய சாட்சியல்ல. பிரின்டரை பர்ச்சேஸில் போட்டிருந்தாலும், ஒரு பார்ட்டியின் பணத்தை இன்னொருவர் பெயரில் ஏற்றியிருந்தாலும், பில்லையே விட்டிருந்தாலும் அது ஒத்தே நிற்கும். கல்லாவை எண்ணுங்கள், பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒத்துப்பாருங்கள், உள்வரியை (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டி) ஜிஎஸ்டிஆர்-2பியோடு (சப்ளையர்கள் காட்டிய பில்களிலிருந்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒத்துப்பாருங்கள், பெரிய பார்ட்டிகளிடம் பாக்கியைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஒத்துப்போகாமல் நிற்பது தொடக்க இருப்பில்தான், "டிஃபரன்ஸ் இன் ஓப்பனிங் பேலன்ஸஸ்" என்று காட்டும். அந்த வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள். 18,400 என்றால் 9,200 ரூபாய் தொடக்க இருப்புள்ள லெட்ஜரைத் தேடுங்கள். டெபிட்டாக இருக்க வேண்டியது கிரெடிட்டாக விழுந்திருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் வரும். அப்படி எதுவும் இல்லையென்றால் 18,400 முழுத் தொகையாகவே ஒரு லெட்ஜர் விடுபட்டிருக்கிறதா என்று பழைய பேலன்ஸ் ஷீட்டோடு வரிவரியாக ஒத்துப்பாருங்கள். சஸ்பென்ஸில் (காரணம் தெரியாத தொகைக்கான தற்காலிக லெட்ஜர்) போட்டு மூடிவிடாதீர்கள். அடுத்த வருடம் அது அப்படியே திரும்பி வரும், அதற்குள் பழைய பில்கள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.