விலை குறைவாகப் போட்டும் டெண்டர் கைவிட்டுப் போனது: கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: நான் திருநெல்வேலி மாவட்டத்தில் முதல் வகுப்பு ஒப்பந்ததாரர். எங்கள் பக்கம் ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்ட மாநில அரசுத் துறை ஒன்று இரண்டு கவர் முறையில் (தகுதி ஆவணங்களுக்கு ஒரு கவர், விலைக்கு ஒரு கவர்) டெண்டர் விட்டது. ஒத்த பணி அனுபவச் சான்று நிபந்தனைப்படி இல்லை என்று சொல்லி என் டெக்னிக்கல் பிட்டைத் தள்ளிவிட்டார்கள். பிரைஸ் கவரைத் திறக்கவே இல்லை. வேலை எடுத்தவர் போட்ட தொகையைவிட நான் போட்டது 11 லட்சம் குறைவு. செயற்பொறியாளர் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டுமாம், என் சான்றில் இருப்பது உதவிச் செயற்பொறியாளர் கையெழுத்து. ஜெயித்தவர் வைத்ததும் அதே மாதிரிச் சான்றுதான் என்று கேள்வி. உத்தரவு கைக்கு வந்து 6 நாள் ஆகிறது. நேராக ஹைகோர்ட்டில் ஸ்டே வாங்கு என்கிறார் நண்பர். எதிர்த்தரப்பு ஆளோ, ‘இதை விட்டுடுங்க, அடுத்த வேலையை உங்களுக்கு விட்டுத் தர்றோம்’ என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம். முதலில் காலண்டரைப் பாருங்கள். உங்களுக்கு மிச்சம் இருப்பது 4 நாள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998 என்று ஒன்று இருக்கிறது. அதன் 11-ஆம் பிரிவுப்படி, டெண்டரை ஏற்கும் அதிகாரியின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஹைகோர்ட், ஸ்டே எல்லாம் அப்புறம். இந்த மேல்முறையீட்டைப் போடாமல் ரிட் மனுவோடு (அரசின் செயலை எதிர்த்து நேராக ஹைகோர்ட்டில் போடும் மனு) போனால், ‘சட்டத்திலேயே வழி இருக்கிறதே, அங்கே ஏன் போகவில்லை?’ என்பதுதான் நீங்கள் சந்திக்கப்போகும் முதல் கேள்வி. அதற்குள் 10 நாளும் ஓடிப்போயிருந்தால் இரண்டு கதவும் சாத்தின மாதிரிதான். இன்னொன்று, ஆன்லைன் டெண்டர் போர்ட்டலில் உங்கள் பிட் நிராகரிக்கப்பட்ட தகவல் ஒரு தேதியிலும் வேலை இன்னாருக்கு என்ற உத்தரவு வேறு தேதியிலும் வந்திருக்கலாம். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று வாதாடிக்கொண்டிருக்காமல் முந்தைய தேதியை வைத்தே கணக்குப் போடுங்கள், அதுதான் பத்திரம்.

நீங்கள் எழுதியதிலேயே அழுத்தமாக வந்திருப்பது அந்த 11 லட்சம்தான். உங்கள் ஆதங்கம் நியாயமானது, அது மக்கள் பணம். ஆனால் மனுவில் அதை முதல் வாதமாக வைக்காதீர்கள். இரண்டு கவர் முறையில் முதல் கவரில் தேறாதவரின் விலைக்குக் கணக்கே கிடையாது, அது திறக்கப்படாத கவர், அவ்வளவுதான். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்தக் கையெழுத்தில்.

டெண்டர் ஆவணத்தை எடுத்து அந்த நிபந்தனையை ஒரு எழுத்து விடாமல் படியுங்கள். ‘செயற்பொறியாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் வழங்கிய சான்று’ என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறதா, இல்லை ‘உரிய அலுவலரின் சான்று’ என்று பொதுவாக இருக்கிறதா? பொதுவாக இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது, ஆவணத்தில் இல்லாத தகுதியை மதிப்பீட்டின்போது புதிதாகச் சேர்க்க முடியாது. அரசு தான் வகுத்த விதிக்குத் தானே கட்டுப்பட வேண்டும் என்று 1979-லேயே, விமான நிலையத்தில் உணவகம் நடத்த விட்ட டெண்டர் ஒன்றில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் கொஞ்சம் கஷ்டம். டெண்டர் ஆவணத்துக்கு அதை எழுதிய துறை சொல்லும் பொருளையே நீதிமன்றம் பொதுவாக ஏற்கும், 2016-இல் நாக்பூர் மெட்ரோ வழக்கில் சொன்னது அதைத்தான். குறையுள்ள ஆவணத்துக்கு விளக்கம் கேட்கத் துறைக்கு இடம் கொடுக்கும் ஷரத்து ஏதாவது உங்கள் டெண்டரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தும் உங்களிடம் கேட்கவில்லை என்றால் அதையும் மனுவில் எழுதுங்கள்.

அடுத்து, ஜெயித்தவரின் சான்று. கேள்விப்பட்டேன் என்பது எங்கேயும் நிற்காது. போர்ட்டலில் உங்கள் லாகின் வழியாகப் பாருங்கள், டெண்டர் திறந்த பிறகு மற்றவர்கள் ஏற்றிய ஆவணங்கள் பல டெண்டர்களில் தெரியும். தெரியவில்லை என்றால் மதிப்பீட்டுக் குறிப்பையும் அந்தச் சான்றின் நகலையும் கேட்டு இன்றைக்கே எழுதிக் கொடுத்து, தபால் பிரிவில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஐ. மனுவும் போடுங்கள், ஆனால் அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம் இருக்கிறது. பதில் வரட்டும் என்று மேல்முறையீட்டைத் தள்ளிப்போட்டால் காரியம் கெட்டுவிடும். ஆவணத்தைக் கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் கூடுதல் காரணங்களைத் தாக்கல் செய்ய அனுமதி வேண்டும் என்று மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டு, கையில் இருப்பதை வைத்துப் போட்டுவிடுங்கள்.

சரி, அவர் சான்றிலும் உதவிச் செயற்பொறியாளர் கையெழுத்துதான் என்று நிரூபணமே ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேலை உங்களுக்கு வந்துவிடுமா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அவருக்குக் காட்டிய தவறான சலுகையை எனக்கும் காட்டு என்று கேட்க முடியாது. அந்தக் கையெழுத்து கட்டாயம் என்றால் இரண்டு பேருமே வெளியே. அது வெறும் நடைமுறைச் சங்கதி, தளர்த்தலாம் என்றால் இரண்டு பேருமே உள்ளே, உங்கள் பிரைஸ் கவரைத் திறந்தாக வேண்டும். எந்த நிபந்தனை உயிரானது, எது தளர்த்தக்கூடியது என்ற இந்தப் பிரிவினை 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்றில் வந்தது. முன்வைப்புத் தொகையை (டெண்டரோடு கட்டும் டெபாசிட்) ஸ்டேட் பேங்க் டிராஃப்டாகக் கேட்டிருக்க, ஒருவர் யூனியன் பேங்க் காசோலையை வைத்திருந்தார், அதை ஏற்றது சரியே என்றது கோர்ட். அதனால் உங்கள் கோரிக்கை, ‘வேலையை எனக்குக் கொடு’ என்று இருக்கக் கூடாது. ‘இரண்டு டெக்னிக்கல் பிட்டையும் ஒரே அளவுகோலில் மறுமதிப்பீடு செய்யுங்கள், அதற்கு வழியில்லை என்றால் மறு டெண்டர் விடுங்கள், அதுவரை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்’ என்று இருக்க வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது இடைக்கால உத்தரவு போட அரசுக்கு அதிகாரம் உண்டு, அதைத் தனியாகக் கேளுங்கள். மறு டெண்டரில் நீங்கள் தோற்கவும் வாய்ப்பு இருக்கிறது என்பதைத் தெரிந்தே இறங்குங்கள்.

அதிகாரி காசு வாங்கிவிட்டார் என்றெல்லாம் மனுவில் எழுதாதீர்கள். உள்நோக்கம் என்று சொன்னால் அந்த ஆளைப் பெயர் சொல்லித் தரப்பினராகச் சேர்த்து, சம்பவத்தோடு நிரூபிக்க வேண்டும். உங்களுக்கு அது தேவையே இல்லை. பாரபட்சமான மதிப்பீடு என்பதே போதுமான காரணம். மனு இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நிபந்தனையை அப்படியே எடுத்து எழுதுங்கள், கீழே உங்கள் சான்று, அதன் கீழே அவர் சான்று. படிக்கிற அதிகாரிக்கு ஒரே பார்வையில் புரியட்டும். துறைச் செயலருக்கு நேரில் ஒரு பிரதி, ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று, டெண்டரை ஏற்ற அதிகாரிக்கு நகல்.

ஸ்டே பற்றி நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அரசிடம் தோற்றால் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போகலாம், தாராளமாக. ஆனால் பாலம், சாலை விஷயத்தில் தடை வாங்குவது முன்பு போல இல்லை. 2018-இல் ‘குறிப்பிட்ட பரிகாரச் சட்டம்’ (Specific Relief Act) என்பதைத் திருத்தி, உள்கட்டமைப்புப் பணியைத் தாமதப்படுத்தும் தடையாணை கூடாது என்று சேர்த்துவிட்டார்கள், சாலையும் பாலமும் அந்தப் பட்டியலில் உண்டு. 2022-இல் ஜார்க்கண்ட் சாலை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், இந்த மாதிரிப் பணிகளில் தடை விதிப்பதைவிட, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க வழிவிடுவதே மேல் என்றது. அப்படியென்றால் போராடவே முடியாதா? முடியும். 2024-இலும்கூட நிலக்கரி நிறுவனம் ஒன்றின் டெண்டரில், ஒருவருக்கு ஒரு நியாயம் இன்னொருவருக்கு ஒரு நியாயம் என்று நடந்ததைப் பார்த்து ஒப்பந்தத்தையே ரத்து செய்திருக்கிறார்கள். வேலை தொடங்கி அஸ்திவாரம் தோண்டிய பிறகு போனால் மட்டும் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்தால் அக்கரைக்குப் போக முடியாத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், நீதிபதி அவர்களையும்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். ஆகவே வேகமாகப் போங்கள், குறைவாகக் கேளுங்கள்.

அப்புறம், ‘அடுத்த வேலையை விட்டுத் தர்றோம்’ என்று வந்தவர். தயவுசெய்து அவரோடு போனில்கூட இதைப் பேசாதீர்கள். டெண்டர்தாரர்கள் தங்களுக்குள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வதைப் போட்டிச் சட்டம், 2002 நேரடியாகத் தடை செய்கிறது. இன்றைக்கு நீங்கள் பாதிக்கப்பட்டவர். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு நீங்களும் உடந்தை. இதை எதிர்த்தால் பழைய பில்லெல்லாம் நின்றுவிடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும், அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நிலுவையில் உள்ள பில், அளவுப் புத்தகப் பதிவு (முடித்த வேலையை அளந்து துறை எழுதும் கணக்கு) எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திடீரென்று எதுவும் நின்றால் அந்தப் பட்டியல் பேசும்.

கடைசியாக ஒரு விஷயம், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேல்முறையீடு முடியும்வரை முன்வைப்புத் தொகையைத் திருப்பிக் கேட்டு எழுதாதீர்கள். உங்கள் விலையின் செல்லுபடிக் காலத்தை நீட்டிக்கச் சம்மதம் என்று மனுவோடு ஒரு கடிதமும் வையுங்கள். காலாவதியான விலையை வைத்துக்கொண்டு கவரைத் திற என்று கேட்க முடியாதல்லவா.